இருபத்து மூன்றாவது விநாடி

இருபத்து மூன்றாவது விநாடியில் மறுபடியும் ‘டொக்’ என்றது.

பாயிஸ் தன் ஓட்டோவின் கூரையில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளில் இடது பக்கத்து வயரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தான். ‘டொக்’. அதைக் கொழுவிவிட்டு வலது பக்கத்தைக் கழற்றினான். ‘டொக்’. அம்பிளிபயரின் முதுகில் உள்ளங்கையால் ஓர் அறை விட்டான். அதற்கும் ‘டொக்’தான்.

“வயர மாத்திட்டன், பியூஸ மாத்திட்டன். இனி ஓட்டோவத்தான் மாத்தணும், தங்கச்சி.”

ஜெயரூபி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காலை எட்டு மணி. ஜமாலியாவின் அந்த ஒழுங்கையில் முன்வீட்டுப் பெண் வாளியோடு நின்று குழாயைப் பார்த்தாள். குழாயில் பேசியது ஜெயரூபியின் அப்பா. பேசியது அவருடைய சாவைப் பற்றி.

“...ஆறுமுகம் தம்பிராசா நேற்றுக் காலமானார். அன்னார், இராசமலரின் அன்புக் கணவரும்” – டொக் – “தர்சன், நிவேதிகா ஆகியோரின் பாசமிகு தந்தையுமாவார்...”

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தம்பிராசா துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டியவர். பின்னேரங்களில் வீட்டு அறையொன்றில் ஒரு கொம்பியூட்டரையும் ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு மரண அறிவித்தல் செய்துகொடுத்தார். செத்த வீட்டார் துண்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அவர் வாசித்து, அடியில் இசை போட்டு, பென்ட்ரைவில் கொடுப்பார். பாயிஸ் அதை ஓட்டோவில் கொழுவி ஊரைச் சுற்றுவான். புதிதாக வரும் ஒவ்வொரு பெயரையும் தம்பிராசா தனியே பதிந்து பெயரிட்டுச் சேமித்துவைத்தார். சாம்பல்தீவில் ஒரு கனகம்மா செத்தால், நாலு வருடம் கழித்து மட்கோ பக்கத்தில் சாகும் கனகம்மாவுக்கும் அதே மூச்சுத்தான். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு வருத்தம் வந்தபோது, “மற்றவன்ர வாயால என்ர பேர் போகக்கூடாது” என்று தன்னுடையதையும் செய்துவைத்தார். வயதுக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார். எண்கள்தான் பெட்டிக்குள் கிடக்கின்றனவே. எடுத்துப் போட வேண்டியதுதான்.

ஊர் முழுக்க அறிந்த கதை இது. ஜெயரூபிக்கும் தெரியும். அதனால்தான் நேற்றுப் பின்னேரம் பாயிஸ் தொலைபேசியில் சொன்னபோது, அப்பா போய்விட்டார் என்ற நினைப்புக்கு முன்னால் வேறொரு நினைப்பு முந்திக்கொண்டு வந்தது. அதற்காக அவள் இரவு முழுக்க வெட்கப்பட்டாள். அப்பா என்னுடைய பெயரைச் சொல்லியிருப்பாரா?

ஆறு வருடம். றிகாஸைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அவள் பெயரை வாயில் எடுத்ததில்லை. ‘அவள்’ என்றுகூடச் சொல்வதில்லையாம். நேற்று இரவு தம்பி தர்சனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: நாளை மூன்று மணிக்கு எடுக்கிறம். நீங்கள் வந்தால் அம்மா தாங்க மாட்டா.

இப்போது கேட்டாயிற்று. பெயர் இல்லை. இருக்காது என்று நினைத்ததுதான். அவள் நினைக்காதது அந்த ‘டொக்’. அப்பா வெட்டி ஒட்டிய எந்த அறிவித்தலிலும் அப்படியொரு சத்தம் வந்ததில்லை.

“தர்சன் தம்பிதான் வயசு, நேரமெல்லாம் போட்டு எடுத்துத் தந்தாரு,” என்றான் பாயிஸ். “இந்தச் சத்தத்தப் போக்க அவருக்கு ஏலாதாம். ஒங்கட அம்மாதான் அனுப்பின. ‘அவளுக்குத் தெரியும், போய்க் கேளு’ எண்டாங்க. பத்து மணிக்கு முந்தி நான் ஊரச் சுத்தத் தொடங்கணும், தங்கச்சி.”

றிகாஸ் உள்ளேயிருந்து மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தான். அவள் பென்ட்ரைவைக் கொழுவிப் பார்த்தாள். ஓட்டோவில் பிழை இல்லை. கோப்பிலேயே சத்தம் இருந்தது. ஆனால் அதைத் தனியே எடுக்க முடியாது. குரலும் இசையும் கலந்து ஒன்றான பிறகு, குரலைத் தொட்டால் இசையும் விக்கும். கறி கொதித்த பிறகு அதிலிருந்து உப்பைப் பொறுக்குவது போலத்தான். குரல் ஒரு தடத்திலும் இசை இன்னொரு தடத்திலும் தனித்தனியாகக் கிடக்கும் மூலக் கோப்பு அப்பாவின் பெட்டியில் மட்டும்தான் இருந்தது.

“அங்க போனாத்தான் செய்யலாம்,” என்றாள்.

குழாயில் அறிவித்தல் முடிந்து இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கீபோர்டில் மெதுவாக ஏறி, ஏறிய இடத்தில் நிற்காமல் இறங்கும் ஒரு மெட்டு. றிகாஸ் கீபோர்ட் வாசித்துத் திரிந்த காலத்தில் அப்பாவின் அறையில் வாசித்துக் கொடுத்தது. அங்கேதான் அவர்கள் இருவரும் சந்தித்ததும். கலியாணத்துக்குப் பிறகு அப்பா வேறு எத்தனையோ இசையைப் போட்டுப் பார்த்தாராம். ஒன்றும் சரிவரவில்லை. ஆறு வருடமாக அந்த ஊரில் மேளமடித்து எடுத்த சாவெல்லாம் றிகாஸின் விரல்களுக்கு மேலேதான் போய்க்கொண்டிருந்தது.

“மருமகன விட்டாலும் மருமகன்ட கீபோட்ட மனுசன் விடல்ல பாருங்க,” என்றான் பாயிஸ். பிறகு சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டான்.

“நீ போயிட்டு வா ரூபி,” என்றான் றிகாஸ். “நான் வரல்ல.”

உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் வெள்ளைக்கொடிகள் கட்டியிருந்தார்கள். படலைக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்ட குருத்தோலையை மூன்று மான்கள் நின்று தின்றுகொண்டிருந்தன. ஒரு கிழவர் குடையால் விரட்ட, அவை நாலடி தள்ளிப்போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. பாயிஸ் படலையில் நிறுத்தவில்லை. “பின்னால கொண்டு வரச் சொன்னவங்க,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

குசினி வாசலில் தர்சன் நின்றான். ஆறு வருடத்தில் அவனுக்கு முன்மயிர் கொட்டியிருந்தது.

“வாங்கோ அக்கா. சத்தம் மட்டும் போனாக் காணும். வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை.”

“அப்பாவைப் பாக்கலாமோ?”

“பிறகு பாப்பம். ஆக்கள் நிக்கினம்.”

அறைக்குப் போகும் வழியில் கூடத்துக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அதற்குள்ளால் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பெருவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. தர்சன் கதவைச் சாத்தினான்.

அறை மாறவில்லை. கப்பல் ஊதும் சத்தம் பதிவில் விழாமலிருக்க யன்னலில் சாத்திய மெத்தை. எச்சில் காற்று மைக்கில் அடிக்காமலிருக்க அம்மாவின் தையல் வளையத்தில் காலுறையை இழுத்துக் கட்டிய மறைப்பு. கதிரையில் அப்பாவின் முதுகு அழுத்திய பள்ளம்.

“முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியப் பெட்டிய ஆருக்கும் குடுத்திடுவம்,” என்றான் தர்சன், பின்னால் நின்றபடி. “இஞ்ச ஒருத்தரும் பாவிக்க மாட்டம்.”

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலக் கோப்பைத் திறந்தாள். மேலே குரலின் தடம், கீழே இசையின் தடம். கீழே ஓர் இடத்திலும் வெட்டில்லை. றிகாஸின் வாசிப்பு ஒரே நீளமாக ஓடியது. மேலே மூன்று இடங்களில் வெட்டுத் தெரிந்தது. ஒன்பதாவது விநாடியில் வயது. நாற்பதில் நேரம். இரண்டுமே சுத்தம். அப்பா முன்னும் பின்னும் அமைதி விட்டு வைத்த இடங்கள் அவை. யார் போட்டாலும் சத்தம் வராது.

மூன்றாவது வெட்டு இருபத்து மூன்றில்.

“தர்சன், நீ இதில என்ன செய்தனீ?”

“வயசையும் நேரத்தையும்தான் போட்டனான்.”

கோப்பைக் கடைசியாகச் சேமித்த நேரம் திரையில் இருந்தது: இன்று காலை ஐந்து பன்னிரண்டு. அவள் அந்த இடத்தைப் பெருப்பித்தாள். குரல் என்பது காற்றின் ஆட்டம். கொம்பியூட்டர் அதை ஒரு நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் போய்வரும் அலையாக வரைந்து காட்டும். அலை மேலே போனால் ஒலிபெருக்கியின் தாள் வெளியே தள்ளப்படும். கீழே வந்தால் உள்ளே இழுபடும். கோட்டில் இருந்தால் தாள் சும்மா இருக்கும். இங்கே ‘கணவரும்’ என்ற சொல்லின் ‘ம்’ இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அலை உச்சிக்குப் போன இடத்தில் கத்தி விழுந்திருந்தது. அதற்கு அடுத்த கணம் அமைதி. வெளியே தள்ளி நின்ற தாள் ஒரே துள்ளலில் நடுவுக்கு வர வேண்டும். அந்தத் துள்ளல்தான் ‘டொக்’.

அப்பாவின் கை இப்படி வெட்டாது. அவருக்கு அந்த விசயத்தைச் சொன்னதே அவள்தான். பதினேழு வயதில், ஏதோ ஓர் உதவிப் பக்கத்தை வாசித்துவிட்டு ஓடிவந்து சொன்னாள். அவர் ஒருதரம் செய்து பார்த்தார், இன்னொரு தரம் செய்து பார்த்தார், பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்: “அட, இது மூதூர் லோஞ்சில ஏறுற மாதிரியெல்லோ! படகும் பாலமும் ஒரே மட்டத்துக்கு வரேக்க கால வைக்கோணும். இல்லாட்டி விழுந்தம்.” அன்றிலிருந்து அவர் ஒருநாளும் விழுந்ததில்லை.

ஆகவே வெட்டியது அப்பா இல்லை.

இந்தப் புரோகிராமில் வெட்டினால் எதுவும் அழிவதில்லை. வெட்டிய துண்டு விளிம்புக்கு அடியில் சுருண்டு கிடக்கும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் வெளியே வரும். தர்சனுக்கு அது தெரியாது. ஜெயரூபி விளிம்பைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க அலை விரிந்தது. ஒரு விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. ஓடவிட்டாள்.

“...இராசமலரின் அன்புக் கணவரும் ஜெயரூபி, தர்சன், நிவேதிகா ஆகியோரின்...”

மற்ற இரண்டு பெயர்களுக்கும் முன்னால் அவர் நின்று மூச்சு விட்டிருந்தார். இந்தப் பெயருக்கு முன் நிற்கவில்லை. ‘கணவரும்’ என்பதோடு ஒட்டி, ஒரே மூச்சில் சொல்லிக் கடந்திருந்தார். பெயர்ப் பட்டியலில் ஏற்கனவே ஒரு ஜெயரூபி இருந்தது அவளுக்குத் தெரியும்; பதின்மூன்று வருடத்துக்கு முன் செத்த ஓர் ஆசிரியைக்காகப் பதிந்தது, கணீரென்ற குரலில். இது அந்தக் குரல் இல்லை. மூச்சு வாங்கும் குரல்.

ஜமாலியாவில் அவள் சுஹைரா. நிக்காஹ் பத்திரத்தில் அதுதான். றிகாஸ் ரூபி என்பான், பாயிஸ் தங்கச்சி என்பான். முழுப்பெயரை ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் என்று அவளுக்குக் கணக்கில்லை.

அந்தத் துண்டின் மூலையில் சிறிதாக ஓர் எண் இருந்தது. அது எத்தனையாவது பதிவு என்று காட்டும் எண். மற்ற வரிகளுக்கு ஒன்று. இதற்கு ஆறு. அவள் முதலாவதைத் திறந்தாள். ‘கணவரும்’ என்று சொல்லி நின்று, கதிரை கிறீச்சிட்டு, பதிவு முடிந்தது. இரண்டாவது, ‘ஜெ’ வரைக்கும். மூன்றாவதைத் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். தர்சன் இல்லை. அவன் நின்ற இடத்தில் அம்மா நின்றாள்.

இராசமலர் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்தாள். அழுது வீங்கிய முகம். ஆனால் குரல் காய்ந்திருந்தது.

“கண்டிட்டியோ?”

“ஓம்.”

“அவன்ல பிழையில்லை. எடுக்கச் சொன்னது நான்தான்.”

ஜெயரூபி ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். “நீங்களும் ஒருக்காக் கேளுங்கோ அம்மா.”

“எனக்கு வேண்டாம். அண்டைக்கு முழுக்க உந்த அறைக்குள்ள இருந்து உன்ர பேரத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் குசினியில நிண்டு கேட்டனான். சோறு கரிஞ்சு போச்சு.”

கூடத்தில் யாரோ புதிதாக வந்து அழும் சத்தம் எழுந்து தணிந்தது.

“என்னட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

“அவரே சொல்லேல்லை. நான் என்னெண்டு சொல்லுறது?” இராசமலர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “நிவேதிகாவுக்குப் பேசி முடிச்சிருக்கு. பெடியன் சாம்பல்தீவு. வைகாசியில கலியாண எழுத்து. அவையள் இண்டைக்கு வருகினம்.”

“அதுக்கு?”

“அவையளிட்ட எங்களுக்கு ரெண்டு பிள்ளையள் எண்டுதான் சொன்னனாங்கள்.”

ஜெயரூபி திரையைப் பார்த்தாள். விரிந்து கிடந்த அலை அப்படியே இருந்தது.

“சாம்பல்தீவுக்கும் பாயிஸ்ர ஓட்டோ போகும்,” என்றாள் அம்மா. “அவையளின்ர வாசலில நிண்டு இந்த மனுசன் மூண்டு பேர் சொன்னா, நான் என்ர மற்றப் பிள்ளைய என்ன செய்ய? நீ உன்ர வாழ்க்கையப் பாத்திட்டாய். நான் உன்னைக் குறை சொல்லேல்லை. அவளும் வாழோணும்.”

“அப்ப சத்தத்தோடயே விட்டிருக்கலாமே. என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?”

“அது எல்லாருக்கும் கேக்குதெல்லோ.” அம்மா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். “காலையில தர்சன் போட்டுக் காட்டேக்க உன்ர மாமியும் கேட்டிட்டா. ‘அந்த இடத்தில என்னவோ வெட்டின மாதிரிக் கிடக்கு’ எண்டு கேக்கிறா. கேட்டுக்கொண்டே இருக்கிறா.”

ஜெயரூபிக்குச் சிரிப்பு வந்தது. வாய்வரைக்கும் வந்து கசந்தது. பெயரை எடுத்தவர்களுக்கு, எடுத்த சத்தத்தை எடுக்கத் தெரியவில்லை. அதற்கு அவள் வேண்டியிருந்தாள். இன்னொன்றும் அவர்களுக்கு உறைக்கவில்லை. இந்தத் தடத்துக்குக் கீழே, பெயர் இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் அடியில், றிகாஸ் வாசித்துக்கொண்டேயிருக்கிறான் என்பது. அதை அவள் சொல்லவில்லை.

வெளியே பாயிஸ் ஹோர்னை ஒருதரம் அமத்தினான். ஒன்பதே கால்.

விட்டுவிட்டு எழும்பிப் போகலாம். விரிந்த அலையை அப்படியே சேமித்து, கலந்து, பென்ட்ரைவில் போட்டும் கொடுக்கலாம். அம்மாவுக்கு எது எதுவென்று தெரியாது. தெரிய வரும்போது ஓட்டோ மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டியிருக்கும். ஊர் கேட்கும். சாம்பல்தீவு வாசலிலும் கேட்கும். ஆறுதரம் முயன்று அப்பா சொன்னது அதற்காகத்தான்.

“நிவேதிகா எங்க?” என்று கேட்டாள்.

“தலைமாட்டில இருக்கிறாள். நீ வந்தது அவளுக்குத் தெரியாது.”

“அவளுக்கு இது தெரியுமோ? பேரை எடுத்தது?”

இராசமலர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “ராத்திரி முழுக்க ‘அக்காவுக்குச் சொல்லியாச்சோ, அக்காவுக்குச் சொல்லியாச்சோ’ எண்டுதான் கேட்டவள். சொல்லியாச்செண்டு சொன்னனான்.”

ஜெயரூபி சுட்டியின்மேல் கையை வைத்தாள். பிறகு விளிம்பைப் பிடித்து மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினாள். ‘பி’ போனது. ‘ரூ’ போனது. ‘ய’ போனது. ‘ஜெ’ போனது. ‘ம்’ மட்டும் மிஞ்சியது. தர்சன் வெட்டிய இடத்தில் அவள் நிறுத்தவில்லை. இன்னும் பெருப்பித்தாள். ‘ம்’ என்ற இரைச்சல் பெரிய பெரிய வளைவுகளாகத் திரை முழுக்கப் பரந்தது. உச்சியிலிருந்து இறங்கிய அலை, ஒரு விநாடியை ஆயிரமாய்ப் பிரித்தால் மூன்று பங்கு பின்னால், நடுக்கோட்டைக் குறுக்கே கடந்தது. விளிம்பை அந்தப் புள்ளிக்குக் கொண்டுபோனாள். விட்டாள்.

சேமித்தாள். அடியில் சுருண்டு கிடப்பது பெட்டிக்குள் கிடக்கும், முப்பத்தொன்று வரைக்கும். குரலையும் இசையையும் கலந்து பென்ட்ரைவுக்கு எடுத்தாள். கலந்த கோப்பில் அடியில் எதுவும் கிடப்பதில்லை.

“சத்தம் போச்சோ?” என்றாள் அம்மா.

“போச்சு.”

இராசமலர் எழும்பி, பென்ட்ரைவை வாங்கிக்கொண்டு, கதவடியில் நின்றாள். “தேத்தண்ணி ஊத்தட்டோ?” என்று கேட்டாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அது நினைவு வந்ததும் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஜெயரூபி குசினிப் பக்கத்தால் இறங்கிப் பின்மதிலடியில் நின்றாள். ஓட்டோ முன்பக்கம் சுற்றிப் போய், வீட்டோரத்தால் தெரிந்த படலையைக் கடந்து ஒழுங்கையில் மெதுவாக ஊர்ந்தது. குழாய்கள் இரண்டும் இரைந்தன. குருத்தோலை தின்ற மான்களில் ஒன்று தலையைத் தூக்கி, பிறகு குனிந்தது. அவள் வாய்க்குள் எண்ணத் தொடங்கினாள்.

“...இராசமலரின் அன்புக் கணவரும்,”

இருபத்து மூன்று.

“தர்சன், நிவேதிகா ஆகியோரின் பாசமிகு தந்தையுமாவார்...”

வெட்டு, அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் விழ வேண்டும். அங்கே வெட்டினால் சத்தம் வராது.